அம்மாவும் எரிமலையும்

போனை எடுத்ததும் அம்மாவின் முதல் கேள்வி "சாப்டியா" என்பதாக இல்லை. அப்போதே நான் உஷாராகி இருக்க வேண்டும்.

"அங்க எரிமலை வெடிச்சிடுச்சாமேடா, டிவில காட்டுறான். நீ என்ன பண்ணிட்டு இருக்க?"

நான் அபர்தீன் பஜாரில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். சொன்னால் திட்டுவாள் என்று "ஆபீஸ்ல இருக்கேம்மா" என்றேன்.

இது நடந்தது 2025 செப்டம்பரில். அந்த மாதம் 13ம் தேதியும் 20ம் தேதியும் பாரன் தீவு எரிமலை லேசாகப் பொங்கியது. இந்தியாவில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அதுதான். நான் வங்கி மாற்றலில் வந்து நாலு வருஷமாகக் குடியிருக்கும் போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கி.மீ. தூரம். (ஊரின் பெயரை 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். என் வாயில்தான் இன்னும் நுழையவில்லை.) நடுவில் கடல். அந்தத் தீவில் மனுஷர் யாரும் கிடையாது. எப்போதோ கப்பல்காரர்கள் விட்டுப்போன ஆடுகளின் வம்சம் மட்டும் மேய்ந்துகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் சொன்னேன். அம்மா கேட்பதாயில்லை. "ஊருக்கு வந்துடு" என்றாள். அவளுக்குப் புரிய வைப்பதற்காகத்தான் எரிமலை பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஆடிப்போனது நான்தான். அந்தக் கதை கடைசியில்.

நாம் நிற்கும் இந்தியத் தட்டு, அந்தமானைச் சுமக்கும் பர்மா தட்டுக்கு அடியில் மெதுவாகச் சொருகிக்கொண்டு போகிறது. போகும்போது கடல் நீரையும் பாறைக்குள் பொதிந்து எடுத்துக்கொண்டு போகிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அந்த நீர் பிழியப்பட்டு மேலே இருக்கும் சூடான பாறைக்குள் ஏறுகிறது. குல்பிக்காரர் பானையில் ஐஸ் மேல் உப்பைப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு பட்ட ஐஸ், உருக வேண்டாத குளிரிலும் உருகும். அதே மாதிரி, நீர் பட்ட பாறை அதன் வழக்கமான சூட்டுக்கு முன்பே உருகிவிடும். உருகியது எடை குறைவு, அதனால் மேலே வரும். அதுதான் மாக்மா.

வெடிப்பதற்குக் காரணம் சூடு இல்லை, வாயு. கோலி சோடா ஞாபகம் இருக்கிறதா? கோலியைத் தட்டும் வரை உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அழுத்தம் குறைந்ததும் நுரைத்துக்கொண்டு கிளம்பும். மாக்மா தண்ணியாக இருந்தால் வாயு சுலபமாகப் பிரிந்துபோகும், குழம்பு வழியும். பாகு மாதிரி கெட்டியாக இருந்தால் வாயு மாட்டிக்கொண்டு மலையையே பிளக்கும்.

பாரன் தீவு பெரும்பாலும் முதல் ரகம். 1787ல் அது வெடித்ததாகக் குறிப்பு இருக்கிறது. 1832க்குப் பிறகு 150 வருஷத்துக்கும் மேல் சும்மா கிடந்துவிட்டு 1991ல் திடீரென்று எழுந்தது. அதிலிருந்து விட்டுவிட்டுப் புகைகிறது. நமக்குத் தெரிவது 354 மீட்டர் மலை. கடலுக்கு அடியில் இருக்கும் உடம்பு இன்னும் 2,000 மீட்டருக்கும் மேல்.

சினிமாவில் எரிமலை என்றால் சிவப்புக் குழம்பு துரத்தும், ஹீரோ ஓடுவார். நிஜத்தில் குழம்பிடமிருந்து பல நேரம் நடந்தே தப்பிக்கலாம். கொல்வது வேறு. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் சரிவில் இறங்கும் சுடுசாம்பல் மேகம். மழையில் ஊறிக் கூரையை நொறுக்கும் சாம்பல். அப்புறம், சேறு.

நான் ஆடிப்போனது இந்தச் சேறு பற்றிப் படித்தபோதுதான். கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் என்று பனி மூடிய ஒரு எரிமலை. 1985 நவம்பர் 13 ராத்திரி 9 மணி வாக்கில் வெடித்தது. பெரிய வெடிப்பு கூட இல்லை. ஆனால் உச்சியில் இருந்த பனி உருகி, மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு ஆற்று வழியே இறங்கியது. 70 கி.மீ.க்கு மேல் ஓடி, சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து ஆர்மேரோ என்ற ஊரை மூடியது. மொத்தம் 23,000 பேர் வரை செத்துப்போனார்கள்.

இரண்டரை மணி நேரம்! மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். ஆபத்து எங்கே என்று காட்டும் வரைபடம் ஒரு மாதம் முன்பே தயாராக இருந்தது. 1845லும் இதே இடத்தில் சேறு வந்து சுமார் ஆயிரம் பேரைக் கொன்றிருந்தது. அந்தச் சேறு காய்ந்த மண்ணின் மேல்தான் ஊரே நின்றது. அன்று மதியம் சாம்பல் விழுந்தபோதும், பயப்படாமல் வீட்டுக்குள்ளே இருங்கள் என்றுதான் சொன்னார்கள். வீணாக ஊரைக் காலி செய்தால் செலவு, கெட்ட பெயர் என்று அதிகாரிகளுக்குத் தயக்கம்.

ஆறு வருஷம் கழித்து, 1991 ஜூனில், பிலிப்பைன்ஸில் பினாடுபோ வெடித்தது. ரூயிஸைவிடப் பல மடங்கு பெரிது. ஆனால் அதற்குள் பல்லாயிரம் பேரை வெளியேற்றிவிட்டார்கள். சேறும் சுடுசாம்பலும் என்ன செய்யும் என்று மக்களுக்கு வீடியோ போட்டுக் காட்டினார்கள். அதற்குப் படம் எடுத்துக் கொடுத்த மோரிஸ் கிராஃப்ட், மனைவி காட்யாவோடு அதே ஜூன் மாதம் ஜப்பானின் அன்ஸென் எரிமலையில் இறந்துபோனார். பினாடுபோவிலும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். ஆனால் பல ஆயிரம் பேர் பிழைத்தார்கள்.

இப்போது என் வீட்டு விஷயம். எங்களுக்கு நாகப்பட்டினம். 2004ல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு முன்னால் நின்றது. மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அதில் என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனும் ஒருவன். பாரன் தீவை வளர்க்கிறதே, அதே தட்டு சொருகல்தான் அன்று கடலையும் தூக்கியடித்தது.

2012 ஏப்ரல் 11ல் மறுபடியும் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம். சுனாமி எச்சரிக்கை. அம்மா பள்ளிக்கூட மாடிக்கு ஓடினாள், வழியில் விழுந்து கால் சுளுக்கியது. பெரிய அலை எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து ஒரே பேச்சு: "இனிமே எவன் சொன்னாலும் நான் வீட்டை விட்டு அசைய மாட்டேன்."

நான் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டுவந்திருக்கிறேன். ஆர்மேரோ படித்த ராத்திரி சிரிப்பு வரவில்லை. அவள் பயப்படும் மலை யாரையும் ஒன்றும் செய்யாது. நான் பயப்பட வேண்டிய கடல் அவள் வாசலில் இருக்கிறது.

மறுநாள் நானே கூப்பிட்டேன். எரிமலையில் ஆரம்பித்து ஆர்மேரோவில் முடித்தேன். 2012ல் தட்டுகள் மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் நகர்ந்தன, அதனால்தான் பெரிய அலை வரவில்லை, அது முதல் நிமிஷத்தில் யாருக்கும் தெரியாது, எச்சரித்தவன் பொய் சொல்லவில்லை என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அந்த ஊர்க்காரங்களும் என்னை மாதிரிதான் இருந்திருப்பாங்க, இல்ல?"

"ஆமாம்மா."

"சரி. ரேஷன் கார்டு, பாஸ்புக்கு எல்லாம் மஞ்சப்பைல போட்டு கதவுகிட்ட மாட்டிடுறேன். சொன்னா கிளம்பிடுறேன், போதுமா?"

போதும் என்றேன். வைக்கப்போகும் நேரத்தில் கேட்டாள்:

"ஏன்டா, அந்த ஆடுங்களுக்கு யாரு போன் பண்ணிச் சொல்லுவா?"