வெப்ராளம்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிற வீடுகளில் வானத்தைப் பார்க்காமல் பொழுது விடியாது. என் பெரியம்மாவும் நாற்பது வருஷமாக அப்படிப் பார்த்தவள்தான். மழை மூட்டம் கண்டால், இட்ட அப்பளம் காயாதே, கூலி போகுமே என்று கவலைப்படுவாள். வெயில் அடித்ததும் கவலை போய்விடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு அந்தக் கவலை போகவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. இங்கே தாமிரபரணி கரைபுரண்டது. ராத்திரியில் வீட்டுக்குள் ஏறிய தண்ணீரில், இருட்டில், பெரியம்மாவைக் கைபிடித்து வெளியே கொண்டுவந்தோம்.

மாசி மாதம். வானம் தெளிந்திருந்த ஒரு ராத்திரி, மாடித் தொட்டி நிரம்பி வழிந்த சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம். “நெஞ்சுக்குள்ள உலக்கை போட்டு இடிக்க மாதிரி இருக்குய்யா” என்றாள். உளுந்து மாவு இடித்தே வளர்ந்தவளின் பேச்சு. மாரடைப்பு என்று பயந்து ஓடினோம். ஈசிஜியில் குறையில்லை. வாயுவாக இருக்கும் என்றார் ஒருவர். அடுத்த வீட்டு ஆச்சி, பயந்திருக்கிறாள், திருநீறு மந்திரித்துப் போடுங்கள் என்றாள். அதற்குப் பயம் என்று முதலில் பெயர் சொன்னவள் அந்த ஆச்சிதான்.

அப்புறம் ஆற்றுக்குக் குளிக்கப் போவதை விட்டாள். ஆற்றுக்குப் போகிற தெருவையே விட்டாள். “பாபநாசம் டேம்ல எத்தனை அடி?” என்று தினமும் கேட்பாள். சித்திரை வெயிலிலும் கேட்டாள். வயசான பிடிவாதம் என்று நினைத்தோம். தப்பு எங்களுடையது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில், தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும் என்று முதலில் ரத்தம் பரிசோதித்தார்கள். பிறகு மனநல மருத்துவர், “மன அழுத்தம் இருக்காம்மா?” என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் கொஞ்சம் யோசித்து, மனப் பதற்றத்துக்கு எங்கள் பக்கம் சொல்கிற சொல்லில், “வெப்ராளமா வருதா?” என்றார். பெரியம்மா அழுதுவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் யாரும் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பதறுது, கிறுகிறுன்னு வருது, ஈரக்குலை நடுங்குது என்று உடம்பைத்தான் சொல்வார்கள். அந்தச் சொற்களைக் காதில் வாங்கத் தெரியாமல் நான்கு மாதம் வீணடித்தோம்.

மருத்துவர் சொன்னது எளிமையானது. பெரிய ஆபத்தைக் கண்டவர்கள் சில நாள் திடுக்கிடுவதும் தூக்கம் கெடுவதும் இயல்பு. கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் அதிர்ச்சி, நடந்ததை நினைவூட்டும் இடங்களை ஒதுக்குவது எல்லாம் ஒரு மாதம் தாண்டியும் நீடித்து, அன்றாட வேலையைக் கெடுத்தால் அது நோய். இருதயத்தில் கோளாறு இல்லையென்று தெரிந்தபின் வருகிற படபடப்பு, பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே தணியும், உயிரை எடுக்காது. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். இடையில் நிறுத்தக் கூடாது. ஒதுக்கிய இடத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்பிப் போகப் பழக வேண்டும்.

முதலில் தெருமுனைவரை போனோம். பிறகு படித்துறையின் மேல்படி. ஆவணியில் ஒருநாள் தண்ணீரில் கால் வைத்தாள். என் கையை விடவேயில்லை.

உங்கள் வீட்டில் யாராவது வெப்ராளமாக இருக்கிறது என்றால், வாயு என்று தள்ளிவிடாதீர்கள். 14416 என்ற கட்டணமில்லாத டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.