துவாதசிக் கீரை

துவாதசிப் பாரணையன்று அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் இலையில் இருக்க வேண்டும் என்பது நம் இல்லங்களின் வழக்கம். 41 ஆண்டுகள் என் இல்லாள் அதைத் தவறவிட்டதில்லை. அவள் மறைந்த பின்னர் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள மகன் இல்லத்துக்கு வந்து சேர்ந்தேன். நெல்லியும் சுண்டை வற்றலும் இங்குள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன. அகத்தியோ உறைபனியைத் தாங்காது. வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாளாவது என் கையால் பயிரிட்ட ஏதேனும் ஒரு கீரையை உண்ண வேண்டும் என்று உள்ளம் விழைந்தது.

பனி மூடும் நாட்டில் மார்கழியில் கீரையா என்று மகன் வியந்தான். இதை முன்னரே செய்து காட்டியவர் உண்டு. இன்னும் வடக்கே, மேயின் மாநிலத்தில், வெப்பமூட்டாத குடில்களில் குளிர்காலம் முழுவதும் கீரை அறுவடை செய்தவர் எலியட் கோல்மன் என்னும் உழவர். பகல்பொழுது பத்து மணி நேரத்துக்குக் குறைந்தால் செடியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும் என்பது அவர் வற்புறுத்தும் கணக்கு. எங்கள் ஊரில் அக்காலம் கார்த்திகைத் தொடக்கம் முதல் தை இரண்டாம் வாரம் வரை. மார்கழியில் விதைத்தது முளைக்காது என்று என் பாட்டி சொல்வார். அவர் சொல் கடல் கடந்தும் பொருந்துகிறது! ஆகவே கார்த்திகை பிறக்குமுன் செடி முழு வளர்ச்சி பெற்றுவிட வேண்டும். அதன்பின் அது வளராது, உயிரோடு காத்திருக்கும். வேண்டும்போது பறித்துக்கொள்ளலாம்.

ஆவணிக் கடைசியில் ஸ்பினாச், மாஷ் என்னும் இரண்டையும் விதைத்தேன். ஸ்பினாச்சைப் பசலை என்று சிலர் சொல்கின்றனர். நம் கொடிப்பசலை வேறு. மாஷ், ஐரோப்பியத் தானிய வயல்களில் களையாக முளைத்த சிற்றிலைக் கீரை, பச்சையாகவே உண்பர். பாத்தியைச் சுற்றி ஆறடிக்கு மூன்றடியில் பலகைப் பெட்டி அமைத்து, தெற்கு நோக்கிய சரிவில் பழைய சன்னல் கண்ணாடியை மூடியாக வைத்தேன். வெயில் நாளில் அதைச் சாணளவு திறந்து வைக்க வேண்டும். இல்லையேல் குளிர்காலத்திலும் உள்ளே இலை வாடும்.

துவாதசியன்று விடியலில் சென்று பார்த்தேன். இலைகள் உறைந்து, கருத்து, மண்ணோடு படிந்து கிடந்தன. முதன்முறை பார்ப்பவர் செத்துவிட்டது என்றே எண்ணுவர். உறைந்த நிலையில் பறித்தால் இலை குழைந்து வீணாகும்; பனி இளகும்வரை தொடலாகாது. நானோ முதல்நாள் முழுதும் உபவாசம். "மாமா, குளிர்பதனப் பெட்டியில் கடைக்கீரை இருக்கிறது, அதைச் சமைத்துவிடட்டுமா?" என்றாள் மருமகள். 74 வயதுக் கிழவனைப் பற்றிய கவலை அவளுக்கு. பஞ்சாங்கப்படி துவாதசி பத்தரை மணிவரை இருந்தது. "சற்றுப் பொறு அம்மா" என்றேன். ஒன்பது மணிக்கு மேல் வெயில் கண்ணாடியில் விழுந்தது. ஒன்பதரைக்கு ஒவ்வோர் இலையாக நிமிர்ந்தது.

மாஷைப் பயற்றம்பருப்போடு கோசுமல்லியாகவும், ஸ்பினாச்சைத் தேங்காய்த் துருவலிட்டு, என் இல்லாள் அகத்தியைச் செய்யும் முறையிலும் மருமகள் செய்து, பெருமாளுக்கு நிவேதனம் செய்தாள். பத்து மணிக்கு இலை போட்டாயிற்று. முதற்கவளத்திலேயே, "இதில் சர்க்கரை சேர்த்தாயா?" என்று மனைவியைக் கேட்டான் மகன். சேர்க்கவில்லை. குளிர் மிகும்போது இக்கீரை தன் சாற்றில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அச்சாறு எளிதில் உறைவதில்லை. அகத்தியின் கசப்பு எங்கே, இந்த இனிப்பு எங்கே! ஆயினும் தேங்காயின் மணம் பழைய மணமாகவே இருந்தது. சிறிது நேரம் என்னால் பேச இயலவில்லை.

பேத்தி நாட்காட்டியைப் புரட்டி, அடுத்த துவாதசி எப்போது என்று தேடிக்கொண்டிருந்தாள். பாத்தியில் இன்னும் இருமுறைக்குப் போதுமான கீரை இருந்தது.