தோல் கலர்

கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் ஓவியத்துக்கென்று இருந்தவை ஆறு கிரையான் பெட்டிகள். பெட்டிக்கு 24 குச்சி. பச்சை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. நீலமும் அப்படித்தான். பிரவுன் மட்டும் ஆறு பெட்டியிலும் முனை மழுங்காமல், சுற்றியிருந்த தாள்கூடக் கிழியாமல் கிடந்தது. அதற்குப் பக்கத்துக் குழியில் குச்சியே இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அது என்ன நிறம் என்று அப்போது நான் பார்க்கவில்லை. என் கவலையெல்லாம் பாடக்குறிப்பைப் பற்றி.

மூன்றாம் வகுப்பு, 31 பிள்ளைகள், தலைப்பு ‘நான்’. கற்றல் விளைவு, துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு என்று கட்டம் போட்டு, நிமிடக் கணக்கோடு எழுதி, வகுப்பாசிரியையிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். “டிராயிங்குக்கெல்லாமா இவ்ளோ எழுதச் சொல்றாங்க?” என்றார். கிண்டல் இல்லை. அந்தப் பீரியடைப் பெரும்பாலும் கணக்கு சாப்பிட்டுவிடும் என்பதை நாசூக்காகச் சொன்னார். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்காவது 2012-இல் அரசு பகுதிநேர ஓவிய ஆசிரியர்களைப் போட்டது. தொடக்கப் பள்ளியில் தமிழும் கணக்கும் நடத்துகிறவரேதான் ஓவியமும். அவருக்கு வரையத் தெரியாவிட்டால் போர்டில் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. எனக்கும் அதற்கு மேல் வராது. அதனால்தான் ‘நான்’ என்று வைத்தேன். தன் முகத்தைப் போர்டைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது அல்லவா.

துணைக்கருவியாக என் படத்தையே முந்தின இரவு சார்ட்டில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். கண்ணாடி, பொட்டு, புடவை எல்லாம் இருந்தது. கடைசி பெஞ்சில் எங்கள் பயிற்சி நிறுவன விரிவுரையாளர் உற்றுநோக்கல் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார்.

தாள் கொடுத்து முடிக்கவே பத்து நிமிடம். அப்புறம் ரப்பர் தகராறு. ஒருவழியாகக் கலர் கட்டத்துக்கு வந்ததும் ஆறு குழுவிலிருந்தும் ஒரே புகார்: “டீச்சர், தோல் கலர் இல்ல!”

அந்த நகத்துண்டுதான் தோல் கலர். வெளிறிய இளஞ்சிவப்பு. அந்த அறையில் அப்படி ஒரு தோல் யாருக்கும் கிடையாது. அமெரிக்காவில் கிரையோலா கம்பெனி இந்த நிறத்துக்கு ‘ஃபிளெஷ்’, அதாவது சதை, என்றுதான் பெயர் வைத்திருந்தது. 1962-இல் ‘பீச்’ என்று மாற்றியது. பிற்பாடு 2020-இல் மனிதத் தோலுக்கென்றே 24 நிறக் குச்சிகளையும் கொண்டுவந்தது. எங்கள் ஆறு பெட்டிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

“பிரவுன் எடுத்துக்கோங்க. முழுசா இருக்கு பாருங்க” என்றேன்.

“அது மரத்துக்கு டீச்சர்” என்றாள் முதல் வரிசையில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு ரெட்டைச் சடைக்காரி. பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் வழி சொல்வாளே, அந்த மாதிரி நிதானமாக.

அவள் சொன்னதில் தப்பில்லை. கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் எழுதிய புத்தகத்தில், ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிறத்தை நிரந்தரமாக ஒதுக்கிவிடுவார்கள் என்கிறார். புல்லுக்குப் பச்சை, வானத்துக்கு நீலம். இதை மனப்பாடமாகத் தேர்வில் எழுதியவள் நான். ஆனால் ஒதுக்கும்போது மனிதனுக்கு எதை ஒதுக்குவது என்று பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்வி தேர்வில் வரவில்லை.

இதற்குள் ஜன்னலோரப் பையன் ஒருவன் தன் முகத்துக்குத் தக்காளிச் சிவப்பை அழுத்தி அழுத்தி அடித்துக்கொண்டிருந்தான். ஏன்டா என்றால், “எங்க ஆயா நான் செவப்புன்னு சொல்லும்.” விரிவுரையாளரே சிரித்துவிட்டார். வெளுத்தவனைச் சிவப்பு என்று அழைக்கிற மொழியில் பிறந்தவன், பாவம், சொன்னபடி செய்தான். நிறத்துக்கு நம் மொழியில் பஞ்சமா என்ன? சங்கப் பாட்டில் தலைவியின் மாமை நிறத்துக்கு மாந்தளிரை உவமை சொல்வார்கள். எனக்கு அந்த நேரம் வாயில் வந்தது ‘பிரவுன்’ ஒன்றுதான்.

நான் விட்டிருக்கலாம். விடவில்லை. கறுப்பும் அழகுதான் என்று ஆரம்பித்து நாலு வார்த்தை பேசினேன். பேசிவிட்டு, ரெட்டைச் சடைக்காரியின் கையில் பிரவுன் குச்சியை நானே எடுத்துக் கொடுத்தேன். டீச்சர் பேச்சைக் கேட்கிற பிள்ளை. நெற்றியிலிருந்து கழுத்து வரை இடைவெளி விடாமல் அடித்தாள். பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்து, “ஏய், கட்டை!” என்றான். மேசையே சிரித்தது. அவள் அழவில்லை. தாளைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, போர்டில் மாட்டியிருந்த என் சார்ட்டைப் பார்த்தாள்.

“நீங்க மட்டும் தோல் கலர் அடிச்சிருக்கீங்க டீச்சர்?”

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். முந்தின இரவு, யோசிக்காமல், கை தானாக அதை எடுத்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து எடுத்துப் பழகிய கை. மணி அடித்தது.

படிவத்தில் விரிவுரையாளர் எழுதியது: நேர மேலாண்மையில் கவனம் தேவை. சார்ட் நன்று.

மறுநாள் மதிய உணவு முடிந்து கிடைத்த அரை மணி நேரத்தை வகுப்பாசிரியையிடம் கெஞ்சி வாங்கினேன். பாடக்குறிப்பு இல்லை. ஒரு தாளில் மஞ்சளைத் தேய்த்து, மேலே ஆரஞ்சு, அதற்கும் மேல் பிரவுனை லேசாக இழுத்து, என் புறங்கையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். சேரவில்லை. “இன்னும் கொஞ்சம் பிரவுன்” என்று கத்தினார்கள். மூன்றாவது தடவை ஏறக்குறைய வந்தது. “கடலமிட்டாய்!” என்றது ஒன்று. உடனே எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு, புளி, நாட்டுச்சர்க்கரை, டீ, பால் கம்மியா போட்ட டீ என்று ஒருவருக்கொருவர் பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். செவப்புப் பையன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளங்கைக்கு ஒரு நிறம், புறங்கைக்கு ஒரு நிறம் என்று இரண்டு கட்டம் போட்டுக்கொண்டான். என் சார்ட்டின் மேல் ஐந்தாறு பேர் விழுந்து கடலைமிட்டாய் பூசினார்கள். பொட்டு அழிந்தது.

ரெட்டைச் சடைக்காரி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. தன் இடத்திலேயே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். தாள் நிறையக் கறுப்பு முடி. நடு வகிடு நூல் பிடித்தாற்போல் நேராக. இரண்டு பக்கமும் மடித்துக் கட்டிய சடை. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை.

“முகம் எங்கம்மா?”

“நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன் டீச்சர்” என்றாள். சொல்லிவிட்டு, ரிப்பன் முடிச்சுக்குச் சிவப்பு அடிக்கக் குனிந்துகொண்டாள்.