ங-வில் தொடங்கும் சொற்கள்

பாலித் தீவில் கலுங்கான் பண்டிகை 210 நாளுக்கு ஒருமுறை, புதன்கிழமையில் வரும். முந்தைய மூன்று நாளுக்கும் பெயர் உண்டு: ஞாயிறு பெஞெக்கெபன், திங்கள் பெஞாஜான், செவ்வாய் பெனம்பஹன். பெயரைப் பிரித்தாலே அன்றைக்கு வீட்டில் என்ன வேலை என்று தெரிந்துவிடும். 'செக்கெப்' மூடிவைப்பது, வாழைக்காயைப் பழுக்கப் போடும் நாள். 'ஜாஜ' பலகாரம். 'தம்பஹ்' அறுப்பது, பன்றி அறுபடும் நாள்.

மூன்றிலும் நடப்பது ஒன்றே. வேர்ச்சொல்லின் முதல் மெய்யைத் தள்ளிவிட்டு மூக்கொலி ஒன்று உட்கார்ந்துகொள்கிறது. த போய் ந, ப போய் ம, க போய் ங; ச, ஜ இரண்டும் போய் ஞ. தம்பஹ், நம்பஹ் ஆகி வினையாகிறது. முன்னே 'பெ', பின்னே 'அன்' சேர்த்தால் நாளின் பெயர். ஊரே அடங்கிக் கிடக்கும் ஞெப்பி நாளும் இப்படித்தான்: வேர் 'செப்பி', அமைதி.

வேர்ச்சொல் வரிசையில் அமைந்த பாலித் தீவு மொழி அகராதியில் தேடுவது தனிக் கலை. 'ஞெமக்' (எடு) கிடைக்காது, ஜ-வுக்குப் போக வேண்டும். 'ஞம்பத்' (பெருக்கு) ச-வில் இருக்கும். சம்பத் என்றால் துடைப்பம்.

உயிரில் தொடங்கும் வேருக்கு முன்னால் ங வந்து ஒட்டும். நம் அகராதியில் ஏறக்குறையக் காலியாகக் கிடக்கும் ங, அங்கே தெருவெல்லாம் கேட்கிறது. காப்பி குடிக்கப் போவதுகூட 'ஙோப்பி'.

மூக்கொலியை எடுத்துவிட்டால்? 'தியாங் ஞெமக் புக்கு': நான் புத்தகம் எடுத்தேன். 'புக்குனே ஜெமக் தியாங்': எடுத்தது நான்தான், ஆனால் பேச்சு புத்தகத்தைப் பற்றியது. இதைச் செயப்பாட்டு வினை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் 'படு' மாதிரி எந்த ஒட்டும் இல்லை, வெறும் வேர் நிற்கிறது. எடுத்தது அவன் என்றால்தான் கடைசியில் ஓர் அகரம்: 'ஜெமக'. மரியாதைப் பேச்சில் வேரே மாறி, முன்னொட்டும் வந்து 'கஅம்பில்' ஆகிவிடும்.

பின்னொட்டில் 'இன்', 'அங்' இரண்டும் உழைப்பாளிகள். நெகக், உட்கார்; நெகக்கின், ஒன்றின் மேல் உட்கார்; நெகக்கங், ஒருவரை உட்காரவை. சொல்லுக்கு நடுவே நுழையும் 'உம்', 'இன்' பழைய எழுத்தோடு நின்றவை. பேச்சில் தேட வேண்டாம்.

காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் வேறு. 'உமஹே', அந்த வீடு. 'உமஹ்னே', அவன் வீடு. இதுவரை சரி. உயிரில் முடியும் 'பாப' (அப்பா) வந்தால் 'பாபனே', அந்த அப்பா. 'பாபன்னே', அவனுடைய அப்பா. வித்தியாசம் ஒரே ஒரு ன்.