காயில் கட்டும் பட்டறையில் ஓம் விதி

கோயம்புத்தூர் வட்டாரத்தில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தரும் பட்டறைகளில், புகைந்துபோன மோட்டார் ஒன்று மேசைக்கு வந்ததும் தொழிலாளி முதலில் அதன் பெயர்த்தகட்டைத் துடைத்துப் படிக்கிறார். 5 எச்.பி. மும்முனை மோட்டார் என்றால் 415 வோல்ட், 7.5 ஆம்பியர், 3.7 கிலோவாட் என்பன போன்ற எண்கள் அதில் இருக்கும். வோல்ட் என்பது மின்னோட்டத்தைத் தள்ளும் அழுத்தத்தின் அலகு, ஆம்பியர் ஓட்டத்தின் அலகு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஓம் கணக்கில் மின்தடையும், இரண்டையும் பெருக்கினால் வாட் கணக்கில் மின்திறனும் கிடைக்கும். கேயோர்க் ஓம் 1827இல் நூலாக வெளியிட்ட இந்த வகுத்தல் உறவு ஹீட்டருக்கு அப்படியே பொருந்துகிறது: 230 வோல்டில் 4.35 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டரின் தடை ஏறத்தாழ 53 ஓம், திறன் 1,000 வாட். மோட்டாரிடம் இந்த வகுத்தல் எளிதில் செல்லாது என்பதைப் பட்டறைக்காரர்கள் அனுபவத்தால் அறிவர்.

பழைய காயிலின் ஒரு தலைப்பை உளியால் வெட்டி, கம்பியை இழுத்தெடுத்து, சுற்றுகளை எண்ணி, எனாமலை எரித்துத் துடைத்தபின் மைக்ரோமீட்டரில் தடிமனை அளந்து நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். 20 கேஜ் கம்பியின் விட்டம் 0.914 மி.மீ., 21 கேஜ் 0.813 மி.மீ.; பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் இவ்விரண்டில் மெல்லியதைக் கட்டினால் தடை ஏறக்குறைய 26 விழுக்காடு கூடி, அதே ஓட்டத்திற்கு அதே விகிதத்தில் சூடும் கூடிவிடும்.

கட்டி முடித்த காயிலை வார்னிஷில் முக்குவதற்கு முன் தடை பார்க்கப்படுகிறது. சில ஓம் அளவிலான தடைக்குச் சாதாரண மல்டிமீட்டரை முழுதும் நம்ப முடியாது, ஏனெனில் அதன் ஒயர்களின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். பேட்டரியின் 12 வோல்டைக் கொடுத்து, ஓடும் 3 ஆம்பியரை அளந்து, வகுத்து 4 ஓம் என்று காண்பது அதைவிட நம்பகமான முறை. அந்த 4 ஓம் சரியா என்பதைவிட, மூன்று ஃபேஸ்களிலும் ஒரே அளவு வருகிறதா என்பதே தேர்ந்த கையின் கேள்வி. ஒன்றில் மட்டும் குறைந்தால் அங்கே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம்.

இதே 4 ஓமுக்கு 415 வோல்ட் கொடுத்தால் நூறு ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். டெல்டா முறையில் இணைத்த மோட்டாரிலோ ஒவ்வொரு ஃபேஸிலும் 4.3 ஆம்பியர்தான் ஓடுகிறது. மாறுதிசை மின்னோட்டத்தைக் காயிலின் காந்தப்புலமே எதிர்ப்பதும், ரோட்டார் சுழலச் சுழல எதிர் அழுத்தம் நிலைப்பதும் இதற்குக் காரணம். ஓட்டம் தொடங்கும் கணத்தில் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு பாய்வதும் ரோட்டார் நின்றிருப்பதால்தான்.

இதனால் வரும் விந்தை, ஓம் விதியை மட்டும் படித்தவருக்குத் தலைகீழாகத் தோன்றும்: அழுத்தம் குறைந்தால் மோட்டாரின் ஆம்பியர் கூடுகிறது. பம்பு இழுக்கும் நீரும் அதற்கான திறனும் பெரிதும் மாறாததால், 415 வோல்ட் 350 ஆகும்போது ஓட்டம் 7.5இலிருந்து ஏறத்தாழ 8.9 ஆகிறது, சூடு ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால் 1.4 மடங்காகிறது. லோ வோல்டேஜில் காயில் போய்விடும் என்ற உழவர்களின் சொல் துல்லியமானதே. இதைத் தடுக்கும் ஓவர்லோடு ரிலே ஆம்பியரைப் பார்த்தே விழுகிறது. அடிக்கடி விழுகிறது என்று அதன் திருகை 10 ஆம்பியருக்கு ஏற்றிவிட்டால், காயிலின் சூடு 1.78 மடங்கு ஆகும் வரை அது அசையாது.