கை தேடும் இடம்

அந்தமானில், சௌல்தாரியில் ஒரு வீட்டுக்குக் கைப்பிடி அடிக்கக் கூப்பிட்டால், டேப்பை எடுப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். வயசானவர் தினமும் நடக்கிற வழியில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கறை இருக்கும். கதவு நிலையில் ஓரிடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். பிடி எங்கே வேண்டும் என்று அந்தக் கை முன்னாடியே காட்டிவிட்டது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி, வீட்டுக்காரர் சொல்கிற இடத்தில் பென்சிலே வைக்கமாட்டார். "பெரியம்மா, ஒருதடவ பாத்ரூம் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். அந்தம்மா கை எங்கே தேடியதோ, அங்கே கோடு விழும்.

உருட்டுச் சட்டம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. பிடித்தால் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடவேண்டும். அகலச் சட்டம் போட்டுப் பூவேலை செய்தால் பார்க்க அழகுதான். விழப்போகிற கைக்கு அது உதவாது. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையிலும் அதே ஒன்றரை அங்குலம். இடைவெளி கூடினால் வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். எலும்பு முறிவது அப்படித்தான்.

மரத்துக்கு எனக்குப் படாக்தான். சாத்தம் மில் 1883லிருந்து அறுத்த மரம் இந்தத் தீவு முழுக்க நிலையாகவும் உத்தரமாகவும் நிற்கிறது. 2002இல் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தபிறகு புது மரம் முன்போலக் கைக்கு வருவதில்லை. பழைய வீடு பிரிக்கிற இடத்தில் நில்லுங்கள், நல்ல துண்டு கிடைக்கும். ஆணி ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டு இழைப்புளி போடுங்கள். ரேகை நேராக ஓடுகிற துண்டாகப் பாருங்கள், இல்லாவிட்டால் சிலாம்பு கிளம்பும். வார்னிஷ் வேண்டாம், ஈரக்கையில் வழுக்கும். எண்ணெய் தேய்த்துக் காயவிட்டால் போதும். நாலு நாள் காத்திருக்கச் சொன்னால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இங்கே மே மாதம் பிடித்த மழை டிசம்பர் வரை விடுவதில்லை. மேட்டு வீட்டுப் படியெல்லாம் பாசி. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லிவிட்டு, நாம் உயரத்தை அளக்கவேண்டும். எல்லாப் படியும் ஆறங்குலம், ஒன்று மட்டும் ஏழு என்றால் ஆள் விழுவது அந்த ஒன்றில்தான். முதல் இரண்டு படியிலேயே கால் அளவைப் பழகிவிடும். பிறகு கண் பார்ப்பதில்லை. மண் அரித்துப்போவதால் பெரும்பாலும் கடைசிப் படிதான் உயரமாகிப்போகும். கைப்பிடியையும் கடைசிப் படி தாண்டி ஓர் அடி நீட்டுங்கள். படி முடிந்தது என்று நினைத்துக் கையை எடுக்கிற நேரம்தான் ஆபத்து.

சேர்ந்து ஒரு மாதம் ஆன பையன் ஒருவன், பாத்ரூமில் ஏற்கெனவே கம்பி இருக்கிறதே என்றான். துண்டு போடுகிற கம்பி அது. அரை அங்குல ஸ்குரூ இரண்டு. மேஸ்திரி அதை ஒரு கையால் இழுத்தார், சுவர்க்காரையோடு வந்துவிட்டது. வீட்டுக்காரருக்குக் கோபம். அந்தப் பாட்டியோ தினமும் அதைப் பிடித்துத்தான் எழுந்துகொண்டிருந்தாராம். மெல்லிய சுவர் என்றால் ராவல் பிளக்கை நம்பாதீர்கள்; அந்தப் பக்கம் பட்டை வைத்து போல்ட்டை ஊடுருவ விடுங்கள்.

பெரியவர்களில் ஆண்கள்தான் கஷ்டம். "நான் என்ன நொண்டியா?" என்பார்கள். ஒரு தாத்தாவிடம், பேரப்பிள்ளைகள் ஓடுகிற படி, இரண்டு பக்கமும் போட்டுவிடுகிறேன் என்றேன். உயரத்தை என்னவோ அவர் முழங்கை லேசாக மடங்குகிற அளவுக்குத்தான் வைத்தேன். பேரன்களுக்கு எட்டவில்லை என்று அவர் குறைசொன்னார். கீழே இன்னொரு சட்டம் அடித்துக் கொடுத்தேன். அதற்குக் கூலி கேட்கவில்லை.

அடித்து முடித்ததும் உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்குங்கள். கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தாலும் கழற்றித் திரும்ப அடியுங்கள். மழை முடிந்ததும் ஜனவரியில் போய் ஸ்குரூவை எல்லாம் ஒரு சுற்று இறுக்கிவிட்டு வாருங்கள், யாரும் கூப்பிடாவிட்டாலும்.