பழைய மகிழுந்தும் பாடிப் பட்டறைகளும்

சென்னையிலிருந்து மேற்கே திருவள்ளூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்தில் பயணம் செய்வோர் ஒரு புதுமையைக் காண்பர். பிற இடங்களில் பேருந்து நிறுத்தங்களுக்குக் கோயிலின் பெயரோ, ஆலமரத்தின் பெயரோ, அரசியல் தலைவரின் பெயரோ வழங்கும். இங்கோ ‘லூகாஸ்’ என்றும் ‘டன்லப்’ என்றும் நடத்துநர் குரல் கொடுப்பார். மக்களும் தத்தம் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்குவர். தொழிற்சாலையின் பெயரே இடத்தின் பெயராகிவிட்ட வட்டாரம் இது. திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயத்தைத் தன்னகத்தே கொண்ட பாடியும் இன்று வண்டி உறுப்புகளின் ஊராகவே நாடெங்கும் அறியப்படுகிறது.

அண்மையில் பாடி, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களை ஒரு சுற்றுச் சுற்றிவர நமக்கு ஒரு காரணம் வாய்த்தது. நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், இளமையில் இப்பகுதித் தொழிற்சாலையொன்றில் லேத் பிடித்துக் கைதேர்ந்தவர், பூவிருந்தவல்லியை அடுத்த ஒரு தோட்டத்துக் கொட்டகையில் பல்லாண்டு முடங்கிக் கிடந்த ‘ஸ்டாண்டர்டு 2000’ மகிழுந்து ஒன்றை விலைக்கு வாங்கிவிட்டார். “சாமி, நீங்கள் வந்து ஒரு முறை பாருங்கள், பிறகு என் வீட்டிலும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்” என்று அவர் அழைத்தார். அவ்வழைப்பின் பிற்பகுதியே முற்பகுதிக்குக் காரணம் என்பதை வாசகர் எளிதில் ஊகிப்பர்.

சென்னையில் பிறந்த சீமான்

இவ்வண்டியின் வரலாறு அறியாத இளையோர்க்குச் சிறிது கூறுதல் நலம். நாடு விடுதலை பெற்றபின் சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தாரின் வண்டிகளே இங்கும் உருவாயின. வேன்கார்டு, டென், பென்னன்ட் என்று வந்து, 1961-இல் ஹெரால்டு வந்தது. மருத்துவரும் வழக்கறிஞரும் விரும்பி வைத்திருந்த அச்சிறு வண்டியை நம் வாசகருள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1972-இல் கெசல் வந்தது. அதன்பின் மகிழுந்து உற்பத்தி ஓய்ந்து, ‘ஸ்டாண்டர்டு 20’ என்னும் வேன் மட்டுமே சில காலம் அங்கிருந்து வெளிவந்தது.

1985-இல் அத்தொழிற்சாலை ஒரு பெரிய துணிச்சலை மேற்கொண்டது. இங்கிலாந்தில் 1976-இல் அறிமுகமாகி, 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பிய மகிழுந்து என்னும் பட்டம் பெற்ற ரோவர் வண்டியின் உடலமைப்பைக் கொண்டுவந்து, ‘ஸ்டாண்டர்டு 2000’ எனப் பெயரிட்டு விற்பனைக்கு விட்டது. அம்பாசிடரும் பியட்டும் அன்றி வேறு பெரிதும் கண்டிராத நம் சாலைகளில் அந்த நீண்ட மூக்கும் சரிந்த முதுகும் கண்டோரைத் திரும்பிப் பார்க்கச் செய்தன. பணம் படைத்தோர்க்கென்றே வந்த ஆடம்பர வண்டி அது.

ஆயினும் புறத்தோற்றம் புதிது, அகமோ பழையது. இங்கிலாந்தில் அவ்வண்டியின் உயர்ந்த வகைக்கு எட்டு உருளை எஞ்சின் பூட்டியிருந்தனர். இங்கோ, பழைய வேன்கார்டு வழிவந்த நான்கு உருளை, இரண்டு லிட்டர் எஞ்சினே பூட்டப்பட்டது. மேடுபள்ளச் சாலைகளுக்கேற்ப வண்டியின் உயரமும் கூட்டப்பட்டது. இங்கிலாந்து வயல்களில் உழுத பெர்குசன் டிராக்டரின் எஞ்சினும் இதே குடும்பத்தது. பட்டுடுத்திய மாப்பிள்ளைக்குப் பாட்டனாரின் இதயத்தைப் பொருத்தியது போலாயிற்று. வண்டி கனமானது, பெட்ரோலை மிகுதியாகக் குடித்தது, விலையும் அதிகம். 1983 இறுதியில் மாருதி வந்து மக்களின் எண்ணத்தையே மாற்றிவிட்டிருந்த காலம் அது. 1988-இல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையும் மூடப்பட, அதை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு வழி தேடின. இதில் ஒரு விந்தையும் உண்டு: இங்கே கிடங்கில் மிஞ்சிய உறுப்புகளைப் பின்னாளில் ஆங்கில வணிகர் வாங்கிச் சென்று, தம் நாட்டில் பழைய ரோவர் வைத்திருப்போர்க்கு விற்றனர்!

பாடி முதல் ஆவடி வரை

அவ்வண்டி பிறந்தது தெற்கே. அதைப் பழுதுபார்க்கும் கைகள் இருப்பதோ மேற்கே. பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல், அம்பத்தூர் வழியாகப் புழல்வரை செல்லும் புறவழிச்சாலை இன்று இவ்விரு பகுதிகளையும் இணைக்கிறது.

இம்மேற்குப் பகுதி தொழிலூரானது எங்ஙனம்? 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் இரயில் இவ்வழியேதான் சென்றது. இரயில் பாதையும் ஏரிகளும் பரந்த நிலமும் ஒருசேர இருந்தமையால் தொழில்கள் இங்கு வேரூன்றின. 1951-இல் அம்பத்தூர் டி.ஐ. ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் மிதிவண்டிகள் வெளிவரத் தொடங்கின. 1959-இல் டன்லப் டயர் ஆலை வந்தது. 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் வளர்ந்து பெருகி, 1960 முதல் 1962 வரையிலான குறுகிய காலத்திற்குள் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று அடுத்தடுத்து ஆலைகள் எழக் காரணமாயிற்று. சக்கரம் ஓரிடத்தில், ஸ்டார்ட்டர் மோட்டார் மற்றோரிடத்தில், பிரேக் பிறிதோரிடத்தில் என, ஒரு வண்டிக்கு வேண்டுவன பலவும் கூப்பிடு தூரத்தில் உருவாயின. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியபின், பெரிய ஆலைகளுக்கு உறுப்பு செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் பெருகின.

ஆவடியைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆங்கிலத்தில் கவச வண்டிக் கிடங்கைக் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துகளே ‘ஆவடி’ ஆயின என்பர் சிலர். ஆனால் 1955-இல் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோசலிச பாணிச் சமுதாயம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியபோதே அவ்வூர் ஆவடிதான். கனரக ஊர்தித் தொழிற்சாலை அங்கு நிறுவப்பட்டதோ 1961-இல். விஜயந்தா டாங்கிகளை உருவாக்கிய அத்தொழிற்சாலை, தடித்த இரும்புத் தகட்டை வளைக்கவும் ஒட்டவும் கற்ற ஒரு தலைமுறையை இவ்வட்டாரத்திற்குத் தந்தது.

ஆலைகளுள் சில இன்று ஓய்ந்துவிட்டன. அம்பத்தூரில் டன்லப் சங்கொலி இப்போது இல்லை. நிறுத்தத்தின் பெயர் மட்டும் நிற்கிறது. ஆயினும் அங்குப் பயின்ற கைகள் தெருவுக்குத் தெரு சிறு பட்டறைகளில் பணி செய்கின்றன.

உறங்கும் இரும்பை எழுப்புதல்

கொட்டகையில் அவ்வண்டியைக் கண்டோம். வண்ணம் மங்கி, டயர்கள் தரையோடு அழுந்தி, இருக்கைப் பஞ்சில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பெரியவரோ மணமகளைக் காட்டுவார் போல மகிழ்ந்து காட்டினார்.

நெடுநாள் கிடந்த எஞ்சினை உடனே சாவி கொடுத்து முடுக்கலாகாது என்பது முதற்பாடம். பிளக்குகளைக் கழற்றி, உருளைகளுள் எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, பின்னர்க் கையாலேயே மெல்லச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். இல்லையேல் துருவேறிய ரிங் உருளைச் சுவரைக் கீறிவிடும். இவ்வகை எஞ்சினில் உருளையின் உட்குழாய் தனியே கழற்றத்தக்க லைனராக இருப்பதால், தேய்ந்தால் அதை மாற்றிவிடலாம். பாட்டனாரின் இதயம் இவ்வகையில் பேரனுக்கு நன்மையே செய்கிறது. டாங்கில் கிடந்த பெட்ரோல் பிசினாக மாறிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிட்டிருக்கும்; டாங்கை இறக்கிக் கழுவியே ஆகவேண்டும். இன்று விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழங்கால ரப்பர் குழாய்களும் வாஷர்களும் விரைவில் இளகிக் கெடும். ஆதலால் எத்தனாலைத் தாங்கும் குழாய்களையே பொருத்தச் சொன்னார் மெக்கானிக்.

எல்லாவற்றினும் முதன்மையானது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாதுவிட்டால் உள்ளிருந்தே சிலிண்டர்களைத் துருப்பிடிக்கச் செய்யும். “ஓடாத வண்டியால் யாருக்கும் கேடில்லை சாமி; நிற்காத வண்டிதான் ஆளைக் கொல்லும்” என்றார் அந்த மெக்கானிக். டயரில் பள்ளம் தேயாமல் இருந்தாலும் வயது முதிர்ந்தால் அது வெடிக்கும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும் என்று அவர் காட்டினார். பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர் எவரும் வீட்டிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

உறுப்பு கிடைப்பதே பெரும்பாடு. சில புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அகப்பட்டன. சிலவற்றை இங்கிலாந்திலிருந்து வருவிக்கலாம். சென்னையில் செய்து கடல்கடந்த பொருள் மீண்டும் சென்னைக்கே வந்தாலும் வியப்பில்லை. எங்கும் கிடையாத புஷ் ஒன்றைப் பெரியவர் தாமே லேத்தில் கடைந்தெடுத்தார். எழுபதை நெருங்கும் அவர் கண்களில் அப்போது கண்ட ஒளியை நாம் எழுத்தில் வடிக்க இயலாது.

சட்டத்தின் சொல்

பழைய வண்டிக்குச் சட்டத்தில் சலுகை உண்டு என்று பலர் எண்ணுகின்றனர். 2021 ஜூலையில் நடுவண் அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, தன் பழைய வடிவம் மாறாதிருக்கும் வண்டியே தொன்மை வண்டியாகும். அதற்குப் புதிதாய்ப் பதியும் கட்டணம் 20,000 ரூபாய் என வைத்தனர், பத்தாண்டுக்கு அது செல்லும், ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் எண்பலகையில் இடம்பெறும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்கன்றி, அன்றாடப் பயணத்திற்கு அவ்வண்டியை ஓட்டலாகாது.

1985-இல் பிறந்த ‘ஸ்டாண்டர்டு 2000’ அப்பட்டியலில் சேர 2035 வரை காத்திருத்தல் வேண்டும். அதுவரை பதினைந்து ஆண்டு கடந்த எந்த வண்டியையும் போலவே, தகுதிச் சோதனைக்கு நிறுத்தி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து, காப்பீடும் புகைச் சான்றும் பெற்றாக வேண்டும். பூவிருந்தவல்லிக்கு டி.என். 12, அம்பத்தூருக்கு டி.என். 13 என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் இப்பகுதியில் உள்ளன. வாங்குமுன் ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியிலுள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா, வரி பாக்கி உண்டா, விற்பவர் உண்மை உரிமையாளரோ வாரிசோ என்பதை ஆராய்தல் இன்றியமையாதது. தாள் சரியில்லாத வண்டிக்கு எத்தனை லைனர் மாற்றினும் பயனில்லை.

இல்லத்தரசியார் கேட்ட கேள்வி

பெரியவரின் இல்லத்தில் அவர்தம் துணைவியார் நம்மிடம் ஒரே கேள்வி கேட்டார்: “பேரப்பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்டும் நேரத்தில் இந்தப் பெருங்காரில் நாங்கள் எங்கே போகப் போகிறோம் சாமி?” அம்மையாரின் கேள்வியில் நியாயம் இருந்தது. பழைய ஆடம்பர வண்டியை வாங்குதல் எளிது. அது கேட்டுக்கொண்டே இருக்கும். பணம் ஒருபுறம், நேரம் மறுபுறம், குடும்பத்தின் மனநிறைவு பிறிதொரு புறம்.

மும்பை நற்கருணை மாநாட்டிற்கு 1964 டிசம்பரில் வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தமக்கு அளிக்கப்பட்டிருந்த வெள்ளை லிங்கன் மகிழுந்தை நாடு திரும்புகையில் அன்னை தெரேசாவிடம் தந்தார். அன்னை அதில் ஏறி உலாவவில்லை. குலுக்கலில் பரிசாக வைத்துப் பணமாக்கி, தொழுநோயாளருக்கான சாந்திநகர்ப் பணிக்கு அளித்தார். ஆடம்பரப் பொருளும் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பொருள் பெறுகிறது.

குடும்பத்தார் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தனர். பேரனின் படிப்புப் பணத்தைத் தொடுவதில்லை. மாதந்தோறும் ஓய்வூதியத்தில் ஒரு சிறு பகுதி மட்டுமே வண்டிக்கு. பிரேக்கும் டயரும் முதலில், வண்ணப் பூச்சு கடைசியில். இம்மூன்றோடு நான்காவதாக அம்மையார் ஒன்றைச் சேர்த்தார்: ஐ.டி.ஐ. முடித்து வேலையின்றி இருக்கும் அண்டை வீட்டு இளைஞர் இருவரை உடன் வைத்துக்கொண்டு, பெரியவர் தம் தொழிலைக் கற்றுத்தர வேண்டும். பெரியவர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். சாமியார் எடுத்துச் சொல்ல அங்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த நான்காவது நிபந்தனையே நம் நெஞ்சில் நிலைத்தது. டிங்கர் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவரை ஆவடிச் சாலையில் கண்டோம். உட்குழிந்த கதவைச் சிறு மரச்சுத்தியால் தட்டித் தட்டியே சீராக்கும் வல்லவர். கற்றுக்கொள்ள ஒருவரும் வருவதில்லை என்று வருந்தினார். கெட்டதைக் கழற்றி எறிந்து புதியதைப் பூட்டவே இக்காலம் விரைகிறது. துருப்பிடித்த இரும்பையாவது தேய்த்து மீட்கலாம். ஒரு தலைமுறை கற்காமல் விட்ட தொழிலை எவ்வாறு மீட்பது?

இவ்வட்டாரக் குடும்பங்களில் ஆலையில் உழைத்து ஓய்ந்த தந்தையரும் பாட்டனாரும் பலர் உள்ளனர். அவர்கள் அறிந்ததை அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் கேட்டறிதல் வேண்டும். அதற்கு ஆடம்பர மகிழுந்து தேவையில்லை. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய ஹெர்குலிஸ் மிதிவண்டியே போதும்.